டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி

எங்கள் வீட்டுப் பூனை அன்று முழுக்க மணல் தட்டுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தது. போய் உட்காரும், முக்கும், எழுந்து வரும். கால் மணி நேரத்தில் மறுபடியும் போகும். மலச்சிக்கல்தான் என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லி, அரை ஸ்பூன் விளக்கெண்ணெயும் புகட்டினோம். மறுநாள் விடியும்போது அது கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்தது. தொட்டால் கத்தியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். எலுமிச்சம்பழ அளவில் கல்லாக இருந்தது. “கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு?” என்று கேட்டார். நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகத் துகளும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். சிறுநீர் இறங்காவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் தாளம் தப்பும், இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். எங்கள் பூனைக்குக் குழாய் விட்டு அடைப்பை நீக்கினார்கள். மூன்று நாள் சலைன் ஏறி, பிழைத்து வீடு வந்தது. பணமோ வண்டியோ எங்களுக்குக் குறைவில்லை. கண் முன்னால் நடந்ததைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலுதவி என்றால் கட்டுப் போடுவதும் மருந்து தடவுவதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதில் பாதி வேலை, ஆபத்தை ஆபத்து என்று அடையாளம் காண்பது. மீதியில் பெரும்பங்கு, செய்யக் கூடாததைச் செய்யாமலிருப்பது. கை வைத்துச் செய்கிற வேலை கொஞ்சம்தான். படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: நல்ல நாளில் அளந்து வையுங்கள்

நாயும் பூனையும் நன்றாக இருக்கும் ஒரு நாளில், ஒரு சின்ன நோட்டை எடுத்து ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடை: பெரும்பாலான மருந்துகளுக்கு அளவு இதை வைத்துத்தான் தொடங்கும். தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும்.

உடல் சூடு: நாய்க்கும் பூனைக்கும் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நாம் காய்ச்சல் என்று லீவு போடும் சூடு அவற்றின் சாதாரணச் சூடு. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் செலுத்திப் பார்க்க வேண்டும். மூக்கு ஈரமாக இருந்தால் சுகம், காய்ந்தால் காய்ச்சல் என்பதை நம்ப வேண்டாம். தூங்கி எழுந்த நல்ல நாயின் மூக்கும் காய்ந்துதான் இருக்கும்.

மூச்சு: ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30-க்குள் இருக்க வேண்டும். தூக்கத்திலேயே அடிக்கடி 30-ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டிய நேரம்.

நாடி: பின்னந்தொடையின் உட்பக்கம் இரண்டு விரல் வைத்தால் துடிப்பு கிடைக்கும். பெரிய நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100, சின்ன நாய்க்கு 140 வரை, பூனைக்கு 140 முதல் 220.

ஈறு: ஐந்திலும் இதுதான் முக்கியம். மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். பல நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறம் பார்க்கலாம்.

இந்த ஐந்தையும் ஒரு முறை செய்து பழகிய நாய், அவசரத்தில் வாயைத் தொட்டால் கடிக்காது. குறைந்தபட்சம், யோசித்துவிட்டுக் கடிக்கும்.

இரண்டாம் படி: ஒரு டப்பா

பழைய பிஸ்கட் டப்பா போதும். காஸ் துணி, பஞ்சு, க்ரேப் பேண்டேஜ், ஒட்டுப் பட்டை, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், கழுவுவதற்கு ஒரு பாட்டில் சலைன், ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு, கையுறை, ஒரு பெரிய துண்டு, நீளமான பருத்தித் துணிப் பட்டை ஒன்று. மூடியின் உட்புறம் டாக்டர் நம்பரும், இரவிலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி நம்பரும். கூடவே, நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஓர் ஆட்டோக்காரர் நம்பர். இரவு பதினோரு மணிக்கு ரத்தம் சொட்டும் நாயோடு தெருவில் நின்றவர்களுக்குக் கடைசி நம்பரின் அருமை தெரியும்.

மாத்திரை எதுவும் இந்த டப்பாவில் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

மூன்றாம் படி: முதல் ஒரு நிமிடம்

ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்ததும் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். முதலில் சுற்றிலும் பாருங்கள். மின்சாரம் தாக்கியிருந்தால் மெயினை அணைத்த பிறகே தொடலாம். ரோட்டில் அடிபட்டிருந்தால் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வேண்டும்.

வலியில் இருக்கும் விலங்கு வளர்த்தவரையும் கடிக்கும். நாய்க்கு அந்தத் துணிப் பட்டையால் மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு முடிச்சு. வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் வாயைக் கட்டக் கூடாது. பூனை என்றால் துண்டை மேலே போட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி சுருட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு மூச்சு வருகிறதா, ஈறு என்ன நிறம், ரத்தம் எங்கே என்று இதே வரிசையில் பாருங்கள். மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: காத்திருக்கலாமா, கிளம்ப வேண்டுமா?

ஒருவேளைச் சோறு உண்ணாத, ஆனால் வாலாட்டி ஓடும் நாயை ஒரு நாள் பார்க்கலாம். ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டு விளையாடப் போகும் நாயையும் பார்க்கலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

• ஈறு வெள்ளை, நீலம், செங்கல் சிவப்பு அல்லது பழுப்பு நிறம்.
• பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. நாய்க்கு அது சகஜம், பூனைக்கு இல்லை.
• ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராதது.
• வயிறு மேளம் போல உப்பி, வாந்தி வருவது போல ஓங்கரித்தும் ஒன்றும் வராதது. இரைப்பை காற்றால் நிறைந்து முறுக்கிக்கொள்ளும் நிலை இது. கிரேட் டேன், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற நெஞ்சாழம் மிகுந்த பெரிய நாய்களுக்கு அதிகம் வரும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதற்கு இது இடமில்லை.
• குட்டி நாய்க்கு வாந்தியோடு ரத்தக் கழிச்சல்.
• பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் குட்டி வராதது. அல்லது ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆவது.
• சப்பை மூக்கு நாயின் கண் விழி வெளியே பிதுங்குவது. சலைனில் நனைத்த துணியை மேலே வைத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே தள்ளிப் பார்க்கக் கூடாது.
• வண்டி இடித்தது. எழுந்து நடந்தாலும் சரி. உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியே தெரியப் பல மணி நேரம் ஆகலாம். படுக்கை விரிப்பில் கிடத்தி இரண்டு பேர் தூக்குங்கள். சோறும் தண்ணீரும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம்.

ஐந்தாம் படி: கையில் இருக்கும் நிமிடங்களில்

வெயில் அடித்தால்

கத்திரி வெயிலில் நம்மூரில் அதிகம் நடப்பது இது. நாய்க்கு உள்ளங்காலைத் தவிர வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பதுதான் அதன் ஃபேன். கடலோர ஊரின் புழுக்கத்தில் அந்த ஃபேனும் சரியாக ஓடாது. மொட்டைமாடியில் கட்டிப்போட்ட நாய், கண்ணாடி ஏற்றிய காரில் விட்டுப்போன நாய், காலை பத்து மணிக்கு நடைக்குக் கூட்டிப்போன பக் ஆகியவைதான் பெரும்பாலும் வரும். இரைப்பு நிற்காது, நாக்கு அகன்று தொங்கும், ஈறு செங்கல் நிறமாகும், எச்சில் பசை போல ஒழுகும், நடை தள்ளாடும். 105 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

1. நிழலுக்குக் கொண்டுவாருங்கள். குளிர வைத்துவிட்டுத்தான் பயணம்.
2. உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். முதுகில் ஊற்றினால் முடியோடு ஓடிவிடும். வயிறு, அக்குள், தொடை இடுக்கு நனைய வேண்டும். மே மாதத்தில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். கையில் பிடித்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரோ உள்ளறையில் இருந்த குடத்துத் தண்ணீரோ போதும். ஐஸ் தேடி ஓடுவதில் போகும் நிமிடங்கள் நஷ்டம்.
3. ஃபேனை நேரே வையுங்கள். நனைந்த உடலில் காற்றுப் பட்டால்தான் சூடு இறங்கும். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிட்டால் அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.
4. நினைவோடு இருந்தால் தானாகக் குடிக்கட்டும். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.
5. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சூடு பாருங்கள். 103.5-க்கு வந்ததும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் தானாகவே இறங்கும்.
6. எழுந்து நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரகம் கெடுவதும் ரத்தம் உறையாமல் போவதும் ஓரிரு நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும்.

பாம்பு கடித்தால்

நாய் பாம்பைப் பார்த்தால் விலகாது, முகத்தை நீட்டிக் குரைக்கும். அதனால் கடி பெரும்பாலும் மூக்கிலோ முன்னங்காலிலோ இருக்கும். கண்ணாடி விரியன் கடித்தால் இடம் வேகமாக வீங்கும், வலி கடுமையாக இருக்கும், ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரலாம். நாகம் என்றால் எச்சில் ஒழுகும், இமை தொங்கும், பின்னங்கால் துவளும், கடைசியில் மூச்சுத் தசையும் நின்றுவிடும். கட்டுவிரியன் கடியில் வீக்கமே இல்லாமல் இதெல்லாம் நடக்கும். பல்தடம் முடிக்குள் மறைந்துவிடும், தேடி நேரம் போக்காதீர்கள்.

நாயைப் பாம்பிடமிருந்து இழுத்துவிடுங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் கிடைத்தால் நல்லது. கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், முகம் வீங்கும்போது அதுவே சுருக்குக் கயிறாகும். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை அரைத்து வைப்பது எதுவும் கூடாது.

மருந்து ஒன்றுதான்: விஷமுறிவு ஊசி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாராகும், மனிதருக்குப் போடும் அதே ஊசிதான் நாய்க்கும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. சின்ன நாய்க்குச் சின்ன அளவு என்ற கணக்கு இந்த ஊசிக்கு இல்லை. உள்ளே போன விஷத்துக்குத்தான் மருந்து. எல்லாக் கால்நடை ஆஸ்பத்திரியிலும் இருப்பு இருக்காது. கிளம்பும்போதே போன் செய்து, இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

மழைக் காலத்தில் தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளும் நாயைப் பாம்புக் கடி என்று பதறுபவர்களும் உண்டு. அதற்குத் தலையைத் தாழ்த்திப் பிடித்து, கடைவாயிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடவிட்டு, ஈறைத் துணியால் துடைத்துக் கழுவ வேண்டும். தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் அதுவும் அவசரம்தான்.

விஷமான பண்டம் தின்றால்

பெரும்பாலும் விஷத்தைக் கொடுப்பது நம் கைதான். பூனைக்கு உடம்பு சுடுகிறதென்று பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைச் செரித்து வெளியேற்றும் வேதிவழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். டப்பாவில் மாத்திரை வேண்டாம் என்றது இதனால்தான். நாய்க்கு விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது எமன்.

சின்ன வெங்காயம் போட்ட சாம்பார்ச் சோற்றை மிச்சம் மீதி என்று நாய்க்கு வைக்கிறோம். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் ரத்தசோகை வரும், சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும். சாக்லேட்டும் சர்க்கரையில்லாச் சூயிங்கமில் வரும் சைலிட்டாலும் நாய்க்கு ஆகாதவை.

எலி மருந்தில் ஒரு சூழ்ச்சி உண்டு. ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகையைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் துள்ளி விளையாடும். பிறகுதான் மூக்கில் ரத்தம் வரும். தின்றது தெரிந்த அன்றே போனால் வைட்டமின் கே1 கொடுத்து எளிதாகக் காப்பாற்றலாம். வேறு வகைகள் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும். எதுவென்று டாக்டருக்குத் தெரிய, கிழிந்த பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள்.

உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ரத்தத்தில் உப்பு ஏறி மூளையைத் தாக்கும். பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் குடித்திருந்தால் வாந்தியே கூடாது. பினாயிலும் ஆசிட்டும் இறங்கும்போது பட்ட புண் ஏறும்போது இரட்டிப்பாகும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

ரத்தம், தீ, வலிப்பு, அடைப்பு

ரத்தம் வந்தால் சுத்தத் துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள், உறைந்ததும் கூடவே வந்துவிடும். துணி நனைந்தால் மேலேயே இன்னொன்றை வையுங்கள். நகம் உடைந்து ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்தினால் நிற்கும். வேறொரு நாய் கடித்த காயமென்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசியை மறுபடி போட வேண்டும். இந்த அமளியில் உங்களுக்கே பல் பட்டால் அதே 15 நிமிடம், அன்றே அரசு ஆஸ்பத்திரி.

தீபாவளியன்று சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீர் 10 நிமிடமாவது ஓடட்டும். டூத்பேஸ்ட், மஞ்சள், எண்ணெய் வேண்டாம்.

வலிப்புக்கு இரும்புச் சாவி தேடும் பழக்கம் நாய் வரைக்கும் வந்திருக்கிறது. வாயில் எதையும் திணிக்காதீர்கள். அது நாக்கை விழுங்காது, உங்கள் விரலைத்தான் கடிக்கும். முட்டிக்கொள்ளும் சாமான்களை நகர்த்தி, விளக்கை அணைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலும் அவசரம். யாராவது ஒருவர் போனில் படம் எடுத்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

தொண்டையில் அடைத்தால் வாயைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்கலாம். தெரியாமல் விரலை விட்டால் இன்னும் உள்ளே போகும். சின்ன நாயென்றால் பின்னங்கால்களைத் தூக்கித் தலைகீழாகப் பிடிக்கலாம். பெரிய நாயென்றால் பின்னாலிருந்து விலா எலும்புக்குக் கீழே கையைக் கோத்து, முன்னோக்கி மேலே ஐந்து முறை இழுக்க வேண்டும். பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ பூக்கட்டும் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடலை அறுத்துவிடும்.

மூச்சும் அசைவும் இல்லையென்றால் பக்கவாட்டில் கிடத்தி நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு ஒரு முறை வாயை மூடிப் பிடித்து, மூக்கு வழியாக இரண்டு ஊதல். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். இதில் மீள்வது அரிது. ஆஸ்பத்திரி போகும் வழியில் செய்ய இதைவிட வேறெதுவும் இல்லை என்பதால் செய்கிறோம்.

ஆறாம் படி: போகும் வழியில்

கிளம்பும்போதே ஒருவர் போனில் சொல்லிவிடட்டும்: என்ன விலங்கு, எத்தனை கிலோ, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, ஈறு என்ன நிறம். ஐந்து வாக்கியம் போதும், அங்கே மேசை தயாராக இருக்கும். கிராமத்தில் 1962-ஐ அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஆனால் அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக ஓடுவது. நாய் பூனைக்கு உங்கள் வண்டியை நம்புவதே நல்லது. சென்னையில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் ஆஸ்பத்திரிகள் உண்டு. எது எத்தனை மணி வரை என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

எங்கள் பூனைக்கு இப்போது வயதாகிவிட்டது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் தொங்குகிறது: எடை 4.6 கிலோ, தூக்கத்தில் மூச்சு 22, ஈறு இளஞ்சிவப்பு. அதற்குக் கீழே தேதி வாரியாகக் கோடுகள். தினமும் காலையில் காபி போடும் முன் மணல் தட்டைச் சலிக்கிறேன், சிறுநீர் பட்டு இறுகிய மணல் உருண்டைகளை எண்ணுகிறேன். விருந்தாளிகள் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பால் கணக்கா என்று கேட்பார்கள். இன்று மூன்று கோடு போட்டேன். கடைசியாகப் போனது காலை ஐந்தே முக்காலுக்கு.